வட்டில் பிழையா, வாசிப்பில் பிழையா? - லினக்ஸ் நிறுவலின் கதை

லினக்ஸ் இயங்குதளத்தை முதன்முறையாக நிறுவ முனைந்தவர்களுள் கணிசமானோர் ஒரே காட்சியைக் கண்டிருப்பார்கள். நிறுவல் பாதிவழி சென்றிருக்கும். இறுவட்டுச் செலுத்தி திடீரென வேகமாகச் சுழன்று, தளர்ந்து, மீண்டும் சுழலும். பின்னர், கோப்பொன்றை வாசிக்க முடியவில்லை என்றும் வட்டு பழுதாக இருக்கலாம் என்றும் திரையில் ஓர் அறிவிப்பு தோன்றும். பழைய இயங்குதளம் ஏற்கனவே அழிக்கப்பட்டிருக்கும். புதியது இன்னும் வந்து சேர்ந்திராது.

பழுதாக 'இருக்கலாம்' என்ற அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். விண்டோஸைக் காசு கொடுத்து வாங்கியவர் வட்டைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். லினக்ஸ் வட்டையோ அவர் தாமே தயாரித்திருப்பார். அல்லது நண்பர் ஒருவர் பிரதி செய்து கொடுத்திருப்பார். முறைப்பாடு செய்வதற்கு ஒரு முகவரி இல்லை. தரவிறக்கிய கோப்பு பிழையா, அதை வட்டில் எழுதிய முறை பிழையா, வாசிக்கும் கருவி பிழையா, கணினியின் நினைவகம் பிழையா என்பதைப் பெற்றுக்கொண்டவரே துப்பறிய வேண்டியிருந்தது. லினக்ஸின் வரலாற்றை எழுதியோர் கொள்கைப் போர்களையும் நீதிமன்ற வழக்குகளையும் விரிவாக எழுதியிருக்கின்றனர். எனது பார்வையில், இந்தத் துப்பறியும் பழக்கம் எவ்வாறு வளர்ந்தது என்பதும் அந்த வரலாற்றின் பிரதான பகுதிதான்.

இரண்டு நெகிழ்வட்டுகளில் தொடக்கம்

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக அறிவித்தது 1991 ஓகஸ்ட் 25 இல். ஆரம்ப நாட்களில் லினக்ஸ் என்பது இரண்டு நெகிழ்வட்டுகள்தாம். ஒன்று கணினியை எழுப்புவதற்கு. மற்றையது அடிப்படைக் கோப்புகளுக்கு. இணையத்திலிருந்து இறக்கிய படிமத்தை டொஸ் இயங்குதளத்தில் ஒரு சிறு மென்பொருளின் துணையுடன் நெகிழ்வட்டில் அப்படியே எழுதுவார்கள். 1992 பெப்ரவரியில் மன்செஸ்டர் கணினி மையத்தைச் சேர்ந்த ஓவன் லெ பிளாங் ஓரளவு ஒழுங்குபடுத்திய தொகுப்பொன்றை வெளியிட்டார். அதே ஆண்டில் பீற்றர் மக்டொனால்டின் எஸ்.எல்.எஸ். தொகுப்பும் வந்தது.

எஸ்.எல்.எஸ். தொகுப்பில் குறைகள் மலிந்திருந்தன. இன்றும் நிலைத்திருக்கும் இரண்டு பெருந் தொகுப்புகள் தோன்றுவதற்கு அந்தக் குறைகளே வழி செய்தன என்பது வரலாற்றின் விநோதம். அமெரிக்க மாணவரான பற்றிக் வோல்கேர்டிங், எஸ்.எல்.எஸ். இன் பிழைகளைத் திருத்தத் தொடங்கி, 1993 ஜூலையில் ஸ்லக்வெயாரை வெளியிட்டார். அதே எரிச்சலுடன் இயன் மேர்டொக் 1993 ஓகஸ்டில் டெபியன் திட்டத்தை அறிவித்தார்.

ஸ்லக்வெயாரின் முதல் வெளியீடு 24 நெகிழ்வட்டுகள். நெகிழ்வட்டொன்றின் கொள்ளளவு 14,74,560 பைட். இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 பகுதிகள், பகுதிக்கு 512 பைட் என்று பெருக்கிப் பார்த்தால் இந்த எண் வரும். அப்படியான 24 வட்டுகளுள் 19 ஆவது வட்டில் ஒரே ஒரு பகுதி கெட்டுப்போனாலும் அதிலிருந்த பொதி கிடைக்காது. நெகிழ்வட்டோ மலிந்த பொருள். ஈரம், தூசி, காந்தம், மேசை லாச்சியின் வெப்பம் எல்லாவற்றுக்கும் பணியும். ஆகவே வட்டுகளை எழுதுவதில் ஒரு மாலைப்பொழுதும், கெட்டவற்றைக் கண்டுபிடித்து மீண்டும் எழுதுவதில் இன்னொரு மாலைப்பொழுதும் செலவாகும் என்பதே அக்காலத்து நியதி.

அக்காலப் பிழை அறிவிப்புகளுள் என்னை மிகவும் கவர்ந்தது லைலோவினுடையது. வேர்னர் அல்மெஸ்பேர்கர் எழுதிய லைலோ, கணினி எழும்பும்போது லினக்ஸை நினைவகத்துக்கு அழைத்துவரும் சிறு நிரல். தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரையில் எழுதிக்கொண்டே அது வேலை செய்யும். முதலெழுத்து மட்டும் தோன்றி நின்றால், முதற்கட்டம் தொடங்கியது, இரண்டாம் கட்டத்தை வட்டிலிருந்து எடுக்க முடியவில்லை என்பது பொருள். இரண்டு எழுத்தில் நின்றால், இரண்டாம் கட்டம் வந்தது, ஆனால் இயங்கவில்லை. மூன்றெழுத்தில் நின்றால், இரண்டாம் கட்டம் இயங்கியும் தனக்கு வேண்டிய அட்டவணையைப் பெற முடியவில்லை. நான்கும் தோன்றினால் எல்லாம் நலம். நோயாளி எத்தனை எழுத்துச் சொல்லி மயங்கினார் என்பதை வைத்து வைத்தியர் நோயைக் கணிப்பது போன்றது இது. பிழை நேர்கையில் எங்கே நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற நாகரிகம், முழு நீலத் திரை காட்டிய பெரிய நிறுவனங்களுக்குப் பல காலம் வாய்க்கவில்லை.

இறுவட்டு வந்தபோது

அடம் றிக்டரின் இக்ட்ராசில் தொகுப்பு 1992 டிசம்பரிலேயே இறுவட்டில் வெளிவந்துவிட்டது. ஆயினும் பெரும்பாலானோருக்கு இறுவட்டு எட்டியது 90களின் பிற்பகுதியில்தான். அதன் உட்கட்டமைப்பைச் சற்று அறிந்துகொண்டால் பின்னர் நடந்தவை விளங்கும்.

இறுவட்டின் ஒவ்வொரு பகுதியிலும் 2352 பைட் இடமுண்டு. இசைத்தட்டில் அவ்வளவும் இசை. தரவுத் தட்டிலோ 2048 பைட்தான் நமக்குரியது; எஞ்சியவற்றுள் 4 பைட் பிழையைக் கண்டறிவதற்கும் 276 பைட் பிழையைத் திருத்துவதற்கும் ஒதுக்கப்பட்டவை. இதற்கும் அடியில், எல்லா இறுவட்டுகளுக்கும் பொதுவான இன்னொரு திருத்த அடுக்கு உண்டு. அதன் கணிதத்தை 1960 இல் ஏர்விங் ரீட், கஸ்டாவ் சொலமன் என்னும் இருவர் வகுத்தனர். வொயேஜர் விண்கலங்கள் தூரத்துக் கிரகங்களிலிருந்து அனுப்பிய படங்களைப் பிழையின்றிப் பெற உதவியதும் அதே கணிதமே. பாட்டில் ஒரு கணத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு தவறிப்போனால் கருவி அக்கம்பக்கத்து ஒலியைக் கொண்டு இட்டு நிரப்பிவிடும்; காது அதை அறியாது. நிரலில் ஒரு பிட் தவறினால் இட்டு நிரப்ப முடியாது. அதனால்தான் தரவுத் தட்டுக்கு அந்த மேலதிகக் காவல்.

இத்தனை காவல் இருந்தும் வட்டுகள் ஏன் தோற்றன? பெரும்பாலான பிழைகள் வட்டில் பிறந்தவை அல்ல என்பதே விடை. சாதாரணத் தொலைபேசி இணைப்பில், விநாடிக்கு 56 ஆயிரம் பிட் என்ற உச்ச வேகம் இடைவிடாது கிடைத்தாலும், 700 மெகாபைட் படிமத்தை இறக்க ஏறத்தாழ 29 மணித்தியாலம் வேண்டும். இடையில் இணைப்பு அறுந்து மீண்டும் தொடரும்போது கோப்பு சிதையலாம். கோப்புப் பரிமாற்ற நிரலை எழுத்துக் கோப்புக்குரிய முறையில் விட்டுவிட்டால், அது வரி முடிவுகளை 'ஒழுங்குபடுத்தி' படிமம் முழுவதையும் பாழாக்கிவிடும். அடுத்தது எழுதும் கட்டம். ஆரம்பகால எழுதிகளுக்குத் தரவு ஒரு கணம் தாமதித்தால் அந்த வட்டு குப்பைக் கூடைக்கு. 2000 ஆம் ஆண்டளவில் சான்யோ நிறுவனத்தின் தொழில்நுட்பமொன்று எழுதிகளில் இடம்பெற்ற பின்னரே அந்தத் தொல்லை தணிந்தது. படிமத்தைப் படிமமாக எழுதாமல், அந்தக் கோப்பை அப்படியே ஒரு கோப்பாக வட்டில் பதித்துவிட்டு, கணினி ஏன் எழும்பவில்லை என்று திகைத்தவர்கள் உலகெங்கும் இருந்தனர்.

ஒப்புநோக்காளரின் வேலை

பத்திரிகைத் துறையில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தவன் என்ற முறையில், இந்த இடத்தில் எனக்கு ஒப்புநோக்காளர்கள் நினைவுக்கு வருகின்றனர். ஒருவர் மூலப்பிரதியை உரத்து வாசிக்க, மற்றவர் அச்சுப் படியைப் பார்த்துக்கொண்டு வருவார். இரண்டும் எங்கே பிரிகின்றனவோ அங்கே பேனா நிற்கும். இதில் ஒரு நிபந்தனை உண்டு: மூலப்பிரதி அருகில் இருந்தாக வேண்டும். மூலம் ஹெல்சிங்கியிலும் படி கொழும்பிலும் இருந்தால் யார் யாருக்கு வாசிப்பது?

நம் முன்னோர் ஏடுகளுக்கு ஒரு வழி கண்டிருந்தனர். நூலில் எத்தனை செய்யுள் என்பதைப் பாயிரத்திலேயே சொல்லி வைப்பார்கள். ஏட்டைப் பெயர்த்து எழுதியவர் விட்டாரா, புதிதாகச் சேர்த்தாரா என்பதை எண்ணிப் பார்த்தே அறியலாம். ஆனால் செய்யுளுக்குள் ஒரு சொல் மாறினால் அந்த எண்ணிக்கை காட்டிக்கொடுக்காது, சி.வை.தாமோதரம்பிள்ளையும் உ.வே.சாமிநாதையரும் பல ஏடுகளை அருகருகே வைத்துப் பாடபேதங்களோடு போராட நேர்ந்தது இதனால்தான்.

1991 இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ரொனால்ட் ரிவெஸ்ட் வகுத்த எம்.டி.5 என்னும் முறை இந்தக் குறையை நீக்கியது. எவ்வளவு பெரிய கோப்பானாலும் அதைக் கணித்து 128 பிட் நீளமான ஒரு தொகையைத் தரும். எழுதினால் 32 எழுத்துகள். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் தொகை அடையாளம் தெரியாதபடி மாறிவிடும். வெளியீட்டாளர் அந்த 32 எழுத்துகளைப் படிமத்தின் அருகில் வெளியிடுவார். பெற்றவர் தம் கணினியில் கணித்து ஒப்பிடுவார். மூலம் கடல் கடந்து இருந்தாலும் ஒப்புநோக்கலாம்.

தொகை பொருந்தாவிட்டால் 700 மெகாபைட்டையும் மீண்டும் இறக்க வேண்டுமா? அதற்கும் வழி பிறந்தது. ஒஸ்திரேலியாவில் அண்ட்ரூ ட்ரிட்ஜெலும் போல் மக்கெரசும் 1996 இல் வெளியிட்ட ஆர்சிங்க், கோப்பைத் துண்டு துண்டாக ஒப்பிட்டு, வேறுபட்ட துண்டுகளை மட்டும் கொண்டுவரும். கெட்ட படிமத்தைத் தூக்கி எறியாமல் செப்பனிடும் வழக்கம் இவ்வாறு வந்தது. பிராம் கோஹனின் பிட்டொரென்ட் 2001 இல் வெளியானது. அது ஒவ்வொரு துண்டையும் வரும்போதே சரிபார்த்து, பிழையானதை ஏற்க மறுத்தது. 2003 இல் ரெட் ஹட் லினக்ஸ் 9 வெளிவந்து சேவையகங்கள் திணறியபோது பலர் அதன் படிமங்களைப் பெற்றது இவ்வழியில்தான். திரைப்படத் திருட்டோடு மட்டும் சேர்த்துப் பேசப்படும் ஒரு தொழில்நுட்பத்துக்கு இப்படியுமொரு பக்கம் உண்டு.

சாட்சியே பொய் சொன்னால்

ரெட் ஹட் தொகுப்பும் அதன் வழிவந்த பெடோராவும் ஒரு படி மேலே சென்றன. படிமத்தின் தலைப்பகுதியில் பயன்படாதிருந்த இடத்தில் தொகையைப் பொதிந்து வைத்து, நிறுவலின் தொடக்கத்தில் 'வட்டைச் சோதிக்கவா?' என்று கேட்டன. நல்ல ஏற்பாடு. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வரை போய்விட்டு, வட்டு பழுது என்று அறிவித்த சம்பவங்கள் நிறைய. மக்கள் மீண்டும் இறக்கினர், மீண்டும் எழுதினர், விலையுயர்ந்த வட்டுகளை வாங்கினர். அதே தீர்ப்பு.

காரணம் வெகு நுட்பமானது. வட்டை எழுதும் முறைகளுள் ஒன்றில், தடம் முடியும் இடத்தில் எழுதியே சில பகுதிகளைச் சேர்த்துவிடும். அவற்றுள் இறுதி இரண்டும் வாசிக்க இயலாதவை. அவற்றில் தரவும் இல்லை. லினக்ஸோ, வேகத்துக்காக, கேட்டதற்கு அப்பாலும் சில பகுதிகளை முன்கூட்டியே வாசித்து வைக்கும் பழக்கமுடையது. வட்டின் கடைசிக்கு வந்ததும் அந்த வெற்றுப் பகுதிகளில் கால் வைத்து இடறி, பக்கத்திலிருந்த நல்ல பகுதிகளையும் சேர்த்துப் பழுதென்று சொல்லிவிடும். வட்டில் பிழையில்லை, சாட்சி பொய் சொன்னது. பரிகாரம் இரண்டு. படிமத்தின் முடிவில் 150 வெற்றுப் பகுதிகளை, அதாவது 300 கிலோபைட் பூச்சியங்களை, மெத்தைபோல் இட்டு வைப்பது ஒன்று. செலுத்தியின் நேரடி நினைவக அணுகலை நிறுத்துமாறு தொடக்கத்தில் ஒரு கட்டளை கொடுத்துச் சோதிப்பது மற்றையது. இந்த மெத்தையால் இன்னொரு குழப்பமும் நேர்ந்தது: வட்டு முழுவதையும் வாசித்துக் கணித்தால் பூச்சியங்களும் சேர்ந்துகொள்வதால் தொகை மாறும். படிமத்தின் அளவை அறிந்து, அதுவரை மட்டும் கணிக்க வேண்டும்.

நினைவகம் பழுதானால் அதுவும் வட்டின் தலையில்தான் விழும். ஒரே கோப்பின் தொகையை இரு தடவை கணித்து இரு வேறு விடைகள் வந்தால் வட்டைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. கிறிஸ் பிராடி எழுதிய மெம்டெஸ்ட்86 என்னும் நினைவகச் சோதனை நிரலும் அதன் வழிவந்தவையும் பல லினக்ஸ் நிறுவல் வட்டுகளின் முதற்பக்கப் பட்டியலிலேயே இடம்பெற்றது இதனாலேயே.

இவையனைத்தையும் விஞ்சிய சம்பவம் 2003 ஒக்டோபரில் நடந்தது. பிரான்ஸ் நாட்டின் மாண்ட்ரேக் நிறுவனம் தனது 9.2 ஆம் தொகுப்பை வெளியிட்டது. வட்டு சரி, தொகை சரி. ஆனால் எல்.ஜி. நிறுவனத்தின் சில வகை வாசிப்புச் செலுத்திகளைக் கொண்டிருந்த கணினிகளில் நிறுவியபோது, செலுத்தியே செத்துப்போனது. கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினாலும் அது உயிர்க்கவில்லை.

நடந்தது என்னவெனில், மாண்ட்ரேக் தனது கேர்னலில், மீளெழுதும் வட்டுகளுக்கான ஒரு புதிய வசதியைச் சேர்த்திருந்தது. செலுத்தி எழுதக்கூடியதா என்று அறிய, இடைச்சேமிப்பிலுள்ளதை வட்டுக்குத் தள்ளும் கட்டளையை அது அனுப்பும். வாசிக்க மட்டும் தெரிந்த செலுத்திக்கு அப்படியொரு கட்டளைக்கு வேலையே இல்லை, மறுத்துவிட வேண்டியதுதான். எல்.ஜி. பொறியியலாளர்களோ, எப்படியும் இது பயன்படாது என்று எண்ணினர் போலும், அந்தக் கட்டளை எண்ணையே செலுத்தியின் உள்நிரலைப் புதுப்பிக்கும் கட்டளையாக வைத்திருந்தனர். 'சேமித்ததை எழுது' என்று லினக்ஸ் சொல்ல, 'உன் மூளையை மாற்றிக்கொள்' என்று செலுத்தி விளங்கிக்கொண்டது. எழுதவும் தெரிந்த எல்.ஜி. செலுத்திகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாண்ட்ரேக் திருத்திய கேர்னலுடன் புதிய படிமங்களை வெளியிட்டது, எல்.ஜி. யும் திருத்திய உள்நிரலைக் கொடுத்தது. இதில் யார் குற்றவாளி என்று அப்போது நடந்த வாதங்களில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. ஆயினும், ஒரு தரத்தில் பொருள் வரையறுக்கப்பட்ட சொல்லுக்கு இரகசியமாக வேறு பொருள் வைத்தவர் பக்கமே பெரும் பிழை என்பது எனது துணிபு.

வட்டு போனது, கேள்வி போகவில்லை

2004 ஒக்டோபரில் முதலாவது உபுண்டு வெளிவந்தபோது, மார்க் ஷட்டில்வேர்த்தின் நிறுவனம் ஆலையில் அச்சிட்ட வட்டுகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் அனுப்பியது. இதனை ஒரு விளம்பர உத்தியாகவே பலர் கண்டனர். தரவிறக்கம், எழுதுதல் என்ற இரண்டு பிழை வாய்ப்புகளையும் பயனரிடமிருந்து அது நீக்கியது என்பதே முக்கியமானது. மெதுவான இணைப்பு உள்ள நாடுகளில் லினக்ஸ் பலருக்கு முதல் முயற்சியிலேயே சரிவந்ததில் இத்தபால் வட்டுகளுக்குப் பங்குண்டு. 2011 ஏப்ரலில் இச்சேவை நிறுத்தப்பட்டது. 2012 ஒக்டோபரில் வந்த 12.10 வெளியீடு 700 மெகாபைட்டைத் தாண்டியதுடன், இறுவட்டில் அது அடங்கும் காலமும் முடிந்தது.

இதற்கிடையில் எம்.டி.5 இன் பெயரும் கெட்டிருந்தது. 2004 ஓகஸ்டில் சியாயுன் வாங் அம்மையார் தலைமையிலான சீன ஆய்வாளர்கள், ஒரே எம்.டி.5 தொகையைத் தரும் இரு வேறு தரவுகளை ஆக்கிக் காட்டினர். அதாவது, தற்செயலான பிழையை அது பிடிக்கும். திட்டமிட்ட மோசடியை நிச்சயம் பிடிக்கும் என்று இனிச் சொல்ல முடியாது. வெளியீட்டாளர்கள் படிப்படியாக எஸ்.எச்.ஏ.256 முறைக்கு மாறினர்.

எந்த முறையானாலும், தொகை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எஞ்சியிருந்தது. 2016 பெப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் திட்டத்தின் இணையத்தளத்துக்குள் ஊடுருவியவர்கள், 17.3 வெளியீட்டின் சினமன் பதிப்புக்கான தொடுப்பை மாற்றி, புறவாசல் பொருத்திய தங்கள் படிமத்துக்குத் திருப்பிவிட்டனர். அந்தப் படிமம் குறைவின்றி இறங்கும், குறைவின்றி எழுதப்படும், குறைவின்றி நிறுவப்படும். பிழை அறிவிப்பு எதுவும் வராது. தளத்தையே ஒருவன் கைப்பற்றிவிட்டால், அத்தளத்தில் அச்சிட்ட தொகையையும் அவனால் மாற்ற முடியும். தொகையோடு, அதனை இன்னார்தான் வெளியிட்டார் என்று உறுதிப்படுத்தும் இலத்திரனியல் கையொப்பத்தையும் சரிபார்க்குமாறு பல திட்டங்கள் நெடுங்காலமாகவே கேட்டுக்கொண்டு வந்தன. அதன் அவசியத்தைப் பலர் உணர்ந்தது இச்சம்பவத்தின் பின்னரே.

இறுவட்டின் இடத்தை யு.எஸ்.பி. நினைவுக்கோல் பிடித்தபோது பழைய பிழைகளும் கூடவே குடிபெயர்ந்தன. மலிவான கோல்களும் போலிக் கோல்களும் எழுதியதைத் திருப்பித் தருவதில்லை. சுருக்கப்பட்ட கோப்பு முறைமையில் ஒரு கட்டத்தை வாசிக்க முடியாதபோது திரையில் வரும் எச்சரிக்கைகளும், அரைவழியில் நின்றுபோன நிறுவல்களும் முன்போலவே தொடர்ந்தன. சோதிக்கவா என்று கேட்டால் பெரும்பாலானோர் வேண்டாம் என்றே சொல்லிவிடுவதால், 2020 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 20.04 கேட்காமலேயே சோதிக்கத் தொடங்கியது. கோலிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் அது ஒப்புநோக்கியது, 2004 இல் முறியடிக்கப்பட்ட அதே எம்.டி.5 தொகைகளைக் கொண்டுதான். சிதைந்த கோப்பைக் கண்டுபிடிக்க அது போதுமானதாகவே இருந்தது.